வதைமுகாம் நினைவிடங்களுக்குச் சென்றவர்கள்: இன்னும் மனத்தை விட்டு நீங்காத ஒரு கணத்தைப் பகிருங்கள்

தாமரைக்குளம்:
போலந்தில் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போய்வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இங்கிருப்பவர்களில் பலர் அங்கே சென்றவர்கள் என்பதால் வரலாற்றை விரித்துச் சொல்லப் போவதில்லை; என்னை உறுத்திக்கொண்டிருப்பது நான் சொன்ன ஒரே ஒரு சொல். முதல் முகாமின் 5ஆம் கட்டடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் பெட்டிகளின் முன்னே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பிறகு திரும்பக் கிடைக்கும் என்று நம்பி, தங்கள் பெயரையும் ஊரையும் பிறந்த நாளையும் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களே வெள்ளைச் சாயத்தில் எழுதிவைத்த பெட்டிகள் அவை. ஒரு பெட்டியில் பெயர் நீண்டுவிட்டதால் கடைசி எழுத்துகளை ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பையில் என் மகளின் பெயரை நான் எழுதுவதும் அப்படித்தான்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டாம் முகாமான பிர்கெனவுக்குப் போனோம். ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்களை இறக்குவதற்காக 1944 மே மாதத்தில் முகாமுக்குள்ளேயே நீட்டப்பட்ட தண்டவாளத்தின் அருகே, எங்கள் குழுவில் வந்த வயதான தம்பதியர் கைபேசியை என்னிடம் நீட்டிப் படமெடுக்கச் சொன்னார்கள். வாங்கி, பின்னணியில் வாயில் கோபுரம் தெரியும்படி சற்று நகர்ந்து நின்று, எந்த யோசனையும் இல்லாமல், "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாண வீடுகளில் ஆயிரம் முறை சொன்ன சொல். வழிகாட்டிப் பெண் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று அந்த நொடியில் எனக்குள் எழுந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

வடதிசைக்காற்று:
அம்மா, நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெர்லினில் வேலை பார்ப்பவன் நான். பீட்டர் ஐசன்மான் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்ட, கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடத்தைப் பெரும்பாலும் தினமும் கடந்து போகிறேன். எழுத்து எதுவும் பொறிக்கப்படாத 2,711 கான்கிரீட் பாளங்கள் அங்கே நிற்கின்றன. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இருப்பவை, தரை சரியச் சரிய, நடுவில் ஆளை மறைக்கும் உயரத்துக்கு எழுந்துவிடும். அவற்றின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையும் தாவி ஓடும் பிள்ளைகளையும் பார்த்து முதல் வருடம் கோபப்பட்டேன்.

ஒரு மாலை, கண்ணாமூச்சி விளையாடப் போன ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் நடுவில் எங்கோ வழி தவறி அழத் தொடங்கினான். குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. அவன் தாய் ஒரு சந்திலும் நான் ஒரு சந்திலுமாக ஓடினோம். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். மூன்று நிமிடங்கள்கூட ஆகியிருக்காது. கிடைத்தவுடன் அவள் அவனை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அந்தக் குளிர்ந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே விளையாடும் பிள்ளைகளை நான் முறைப்பதில்லை.

பழைய நடைமேடை:
வடதிசைக்காற்று அவர்களுடன் நான் உடன்படவில்லை. அந்தப் பாளங்கள் நகரத்தின் நடுவில், யாரும் கொல்லப்படாத ஓரிடத்தில் எழுப்பப்பட்ட கலைப்படைப்பு. பிர்கெனவ் அப்படியன்று; அங்கே காலடியில் இருப்பது சாம்பல் கலந்த மண். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் "பரவாயில்லை" என்று சொல்லிவிட முடியாது. தண்டவாளத்தின்மேல் கைகளை விரித்து நடந்து படமெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2019இல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டதை நினைவூட்டுகிறேன்.

நீங்கள் பெர்லினில்தான் இருக்கிறீர்கள் என்றால், க்ரூனவால்ட் நிலையத்தின் 17ஆம் நடைமேடைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். யூதர்களை நாடுகடத்திய ஒவ்வொரு ரயிலுக்கும் ஓர் இரும்புத் தகடாக, மொத்தம் 186 தகடுகள் நடைமேடையின் விளிம்பில் பதிக்கப்பட்டுள்ளன. தேதி, ஆட்களின் எண்ணிக்கை, போன இடம், அவ்வளவுதான். 1941 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு தொடங்குகிறது. எண்ணிக்கையைப் படித்தபடியே நடந்தேன். முடிவை நெருங்கும்போது எண்கள் மிகவும் சிறுத்துவிடுகின்றன. 1945 மார்ச்சுக்கான தகட்டின் முன்னால் என் கால்கள் நின்றுவிட்டன. போர் முடியச் சில வாரங்களே இருந்தன, நகரம் குண்டுவீச்சில் இடிந்துகொண்டிருந்தது, அப்போதும் ஒரு சிலரைக் கொண்டுபோவதற்காக யாரோ ஓர் எழுத்தர் பட்டியல் தயாரித்து, பெட்டி ஒதுக்கி, கையெழுத்திட்டிருக்கிறார். பெரிய எண்களைக் காட்டிலும் அந்தச் சிறிய எண்தான் என்னை வாட்டுகிறது. தண்டவாளத்தின் நடுவே இப்போது மரங்கள் வளர்ந்திருக்கின்றன. இனி எந்த ரயிலும் அங்கிருந்து புறப்படக் கூடாது என்று அவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

மூட்டைமுடிச்சு:
நானும் ஆஷ்விட்ஸ் சென்றிருக்கிறேன். 4ஆம் கட்டடத்தில் பெண்களின் தலைமுடியைக் குவித்துவைத்திருக்கும் அறையில், பின்னல் அவிழாமல் கிடந்த ஒரு சடையைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத இயலவில்லை.

இனிப் போகப்போகிறவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்வது பயன்படும். அனுமதிக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். கோடைக்காலத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காமல் அலைந்தவர்களை நான் அறிவேன். அடையாள ஆவணத்தை மறக்காதீர்கள். உள்ளே பெரிய பையை விடமாட்டார்கள், ஆகவே முதுகுப்பையை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். வழிகாட்டியுடன் பார்க்க மூன்றரை மணி நேரமாவது ஆகும். பிர்கெனவில் நிழலும் இல்லை, காற்றுக்குத் தடுப்பும் இல்லை என்பதால் காலணியிலும் மேலாடையிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம் என்று அருங்காட்சியகமே அறிவுறுத்துகிறது. "விட்டுவிட்டுப் போக ஆளில்லை" என்று அழைத்துப் போய்விட்டுப் பிறகு இரவுகளில் பிள்ளையின் கேள்விகளுக்குத் திணறாதீர்கள். தலைமுடி இருக்கும் அறையிலும் 11ஆம் கட்டடத்தின் நிலவறையிலும் படமெடுக்கத் தடை உண்டு. காலையில் முகாம், பிற்பகலில் வியெலிச்கா உப்புச் சுரங்கம் என்று ஒரே நாளில் இரண்டையும் சேர்த்து விற்கும் பயணத் திட்டங்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அன்று மாலை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே இறந்தவர்கள் நம் சொந்தபந்தங்கள் அல்லர். இழவு வீட்டுக்குப் போன அயலார்போல ஓரமாக நின்று, வாய் திறக்காமல் பார்த்துவிட்டு வருவதே முறை.

தாமரைக்குளம்:
அறிவுரைக்கு நன்றி, நண்பரே. நான் கேட்டது அதுவன்று. உங்களையெல்லாம் படித்த பிறகு அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன், அந்தத் தம்பதியர் அன்றிரவே எனக்கும் அனுப்பியிருந்தார்கள். கணவர் நான் சொன்னபடி சிரித்திருக்கிறார். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அவருடைய கண்கள் தண்டவாளத்தின் சரளைக்கற்களின் மேல் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக இதை நான் கவனிக்கவில்லை.

கல்லும் சொல்லும்:
"சொந்தபந்தங்கள் அல்லர்" என்ற வரியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். போலந்திலேயே இருந்த இன்னொரு கொலைமுகாமான ட்ரெப்ளிங்காவில் பார்ப்பதற்குக் கட்டடம் ஏதும் இல்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றுவிட்டு, 1943இல் எல்லாவற்றையும் இடித்து உழுது, மேலே ஒரு பண்ணை வீட்டைக் கட்டித் தடயத்தை மறைத்துவிட்டுப் போனார்கள். இப்போது காட்டின் நடுவே ஏறத்தாழ 17,000 கற்கள் நட்டுக்கிடக்கின்றன. ஊர்ப்பெயர் தாங்கிய கற்கள் பல உண்டு. தனிமனிதப் பெயர் தாங்கியது ஒன்றுதான். அது வார்சாவில் அநாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்சாக்குக்கும் அவருடைய குழந்தைகளுக்குமான கல்.

1942 ஜூலையில், வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த, பசியும் காய்ச்சலும் மிகுந்த கெட்டோவுக்குள், அவருடைய இல்லத்துக் குழந்தைகள் தாகூரின் "அஞ்சல் நிலையம்" நாடகத்தை நடித்தார்கள். அறைக்குள் அடைந்து கிடக்கும் நோயாளிச் சிறுவன் அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நாடகம் அது. மூன்று வாரங்களுக்குள் அந்தக் குழந்தைகள் ரயிலேற்றப்பட்டார்கள். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துக் கோர்சாக்கும் உடன் ஏறினார். கையில் கொண்டுபோன பூவை அந்தக் கல்லின் மேல் வைக்கக் குனிந்தேன். அங்கே பூ இல்லை, யூதர் வழக்கப்படி கூழாங்கற்கள்தான் வரிசையாக இருந்தன. பூவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கூழாங்கல் தேடிக் காட்டோரம் வரை நடந்தேன்.

கோட்டைவெளி:
நான் வேலூரைச் சேர்ந்தவன். திப்புவின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் சிறைவைத்த கோட்டையின் அகழிக்கரையில் வளர்ந்தவனுக்கு, திப்புவின் வழிவந்தவராகக் குடும்ப மரபு சொல்லும் நூர் இனாயத் கான் மியூனிக் அருகேயுள்ள டாஹவ் முகாமில் சுடப்பட்டார் என்ற செய்தி, மியூனிக்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸிலிருந்து பிரிட்டனுக்கு ரகசியமாக வானொலியில் செய்தி அனுப்பும் பணியில் இருந்தவர். 1944 செப்டம்பர் 13 அன்று வேறு மூன்று பெண்களுடன் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30.

தகனக்கூடத்தில் அந்த நால்வரின் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. வரிசையில் வந்தவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த ஊர்க்காரராகத் தோன்றிய ஒரு மூதாட்டி என் முகத்தையும் கல்வெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "உங்கள் உறவினரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்பதுதான் உண்மை. மூட்டைமுடிச்சு அவர்கள் சொல்லும் அயலார் முறைப்படி பார்த்தாலும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் "ஆம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம் மொழியில் ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று தொனியில் புரிந்தது. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.