எல்எஸ்யூ 2019: ஒரே வருஷத்தில் ஆட்டம் எப்படி மாறியது?

மூன்றாம்டவுன்:
அமெரிக்கன் ஃபுட்பால் பற்றிய கேள்வி, நம்ம கால்பந்து இல்லை. 2018ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி (எல்எஸ்யூ) 10 வெற்றி, 3 தோல்வி. குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜோ பரோ எறிந்ததில் 57.8 சதவீதம்தான் சேர்ந்தது, 16 டச்டவுன். 2019ல் அதே பரோ, அதே தலைமைக் கோச் எட் ஆர்ஜரான். ஆனா 15-0, 76.3 சதவீதம், 5,671 யார்ட், 60 டச்டவுன். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளியிலிருந்து 48. "புதுக் கோச் ஜோ பிரேடி வந்தார், ஸ்ப்ரெட் (ஆட்களைக் களம் முழுக்கப் பரப்பி) ஆடினாங்க" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கிறாங்க. களத்தில் உண்மையில் என்ன மாறுச்சு? ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும்போது எதைக் குறிச்சு வைக்கணும்?

பாக்கெட்காவலன்:
ஒரே வரியில் சொன்னால், பந்து பிடிக்க ஐந்து பேரை வெளியே அனுப்பினார்கள். அதுவரை ரன்னிங் பேக்கோ (பந்தோடு ஓடுபவர்) டைட் எண்டோ (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) குவார்ட்டர்பேக்கைக் காக்க உள்ளேயே நிற்பது வழக்கம். 2019ல் பெரும்பாலும் முன்வரிசையில் தடுக்கும் ஐந்து லைன்மேன் மட்டுமே காவல். ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், எதிரணியின் லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசை ஆள்) பாய்ந்து வருகிறாரா என்று ஒரு கணம் பார்ப்பார்; வரவில்லை என்றால் அவரும் ரிசீவராக (பந்து பிடிப்பவராக) ஓடிவிடுவார். அவர் 1,414 யார்ட் ஓடியதைத்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் பிடித்த 55 பந்துகள்.

கல்லூரி மைதானத்தின் அளவும் இதற்குத் தோது. அகலம் 160 அடி. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் அதை 60, 40, 60 அடியாகப் பிரிக்கின்றன. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலமான பக்கம் மூன்று ரிசீவர்களை நிறுத்தினால் தற்காப்பு அங்கே இழுபடும். குறுகிய பக்கத்தில் ரிசீவர் ஜமார் சேஸ் ஒருவரோடு ஒருவராக நிற்பார். இன்னொரு ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை ஸ்லாட்டுக்கு (ஓரத்து ரிசீவருக்கும் லைனுக்கும் இடைப்பட்ட இடம்) கொண்டுவந்தது இன்னொரு மாற்றம். ஓரத்து ரிசீவரைக் காக்கும் வேகமான கார்னருக்குப் பதிலாக, கடைசியில் நிற்கும் சேஃப்டியோ லைன்பேக்கரோ அவரைத் துரத்த வேண்டி வந்தது. அந்த சீசனில் ஜெஃபர்சன் 111 கேட்ச்.

ஒரு திருத்தம்: பிரேடி பாஸிங் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. என்எஃப்எல் (தொழில்முறை லீக்) அணியான செயின்ட்ஸிலிருந்து பாஸ் திட்டங்களைக் கொண்டுவந்தது அவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர்தான், அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

மூன்றாம்டவுன்:
காவலுக்கு ஐந்து பேர்தான்னா, எதிரணி ஆறு பேரை அனுப்பினா?

பாக்கெட்காவலன்:
ஒருவர் கட்டாயம் தடையில்லாமல் வருவார். அவரை லைன் தடுக்க முடியாது, பந்து வேகமாகக் கை மாறினால்தான் தப்பலாம். ஆறாவது ஆள் கிளம்பிய இடம் காலியாகும். அந்தப் பக்க ரிசீவர் ஓட்டத்தைச் சுருக்கித் திரும்ப வேண்டும். இருவரும் ஒரே கணத்தில் அதைக் கவனிக்காவிட்டால் சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) அல்லது இன்டர்செப்ஷன் (எதிரணி பந்தைப் பிடிப்பது). டெக்சஸுக்கு எதிராக (45-38) கடைசிக் கால்பகுதியில் 3வது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 17 யார்ட் தேவை, முன்னிலை ஆறே புள்ளி. டெக்சஸ் பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிக ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பியது. பரோ பாக்கெட்டுக்குள் (லைன்மேன்கள் அவரைச் சுற்றிக் காக்கும் இடம்) நகர்ந்து ஜெஃபர்சனுக்கு எறிந்தார், 61 யார்ட் டச்டவுன். சீசனில் ஒரே ஒரு பந்தை மட்டும் பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

கோல்லைன்_கணக்கு:
குறிப்பெடுக்க: பந்து கிளம்புவதற்கு முன் படத்தை நிறுத்துங்க. டவுன், தேவைப்படும் யார்ட், பின்னால் நிற்கும் சேஃப்டி ஒன்றா இரண்டா, லைனுக்கு அருகில் எத்தனை பேர் என்று எழுதுங்க. அப்புறம் ஓடவிட்டு, பாய்ந்தவர் எத்தனை, பந்து யாருக்குப் போச்சு என்று சேருங்க. முதல் டவுனில் தேவையானதில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுசும் கிடைத்தால் வெற்றி என்று குறிக்கலாம். மொத்த யார்டை மட்டும் பார்த்தால் ஒரே ஒரு நீளப் பாஸ் கணக்கையே கெடுத்துடும்.

புதுசாக வருகிறவங்க எல்லாரும் வழுக்குற இடம் ஒன்று: கல்லூரிக் கணக்கில் சாக்கில் போன யார்ட் ஓட்டத்தில் கழியும், என்எஃப்எல்லில் பாஸில் கழியும். அதைச் சரி செய்யாமல் "கல்லூரி அணிக்கு ஓடத் தெரியலை" என்று முடிவு கட்டக்கூடாது. 30 புள்ளி முன்னிலை வந்த பிறகு நடந்ததையும் விட்டுடுங்க. ஓக்லஹோமாவை 63-28 என்று அடித்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே பரோ ஏழு டச்டவுன் எறிஞ்சாச்சு. இரண்டாம் பாதியிலிருந்து படிக்க ஒண்ணுமில்லை.

இரண்டு_சேஃப்டி:
எல்லாம் சரி. ஆனால் வெற்றியை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஆபர்ன் ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள், 23-20. முன்னால் மூன்று பேர், ஒரே லைன்பேக்கர், பின்னால் ஏழு பேர். பாய்ந்து வருவது மூவர், வழிகளை அடைப்பது எட்டுப் பேர். ஐந்து ரிசீவர் போனாலும் எறிய இடம் குறைவு. எல்எஸ்யூ 500 யார்டைத் தாண்டியும் அந்த சீசனில் எடுத்த மிகக் குறைந்த புள்ளி அதுதான். முன்னால் ஆள் குறைந்தால் ஓட வேண்டும். எட்வர்ட்ஸ்-ஹெலேர் அதைத்தான் செய்தார்.

தற்காப்பையும் மறைக்க வேண்டாம். ஓல் மிஸ் இவர்கள்மேல் 400 யார்டுக்கு மேல் ஓடியது. 58-37 என்று ஜெயித்ததால் யாரும் பேசவில்லை. அலபாமா ஆட்டம் இடைவேளையில் 33-13, முடிவில் 46-41. ஜார்ஜியாவுக்கு எதிரான எஸ்இசி (எல்எஸ்யூ ஆடும் கல்லூரி லீக்) இறுதியில் (37-10) தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் டேவ் அராண்டாவின் தற்காப்பு வேறு அணியைப் போல இருந்தது.

கிளெம்சனுடனான தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள். தொடக்கத்தில் திணறி 17-7 என்று பின்தங்கி, இடைவேளைக்குள் 28-17. எதிரணி கார்னர் தனியாக நின்ற போதெல்லாம் பந்து சேஸுக்கே போனது: 9 கேட்ச், 221 யார்ட். முடிவு 42-25.

மூன்றாம்டவுன்:
நன்றி. அடுத்த வருஷம் அதே திட்டம் ஏன் ஓடலை?

இரண்டு_சேஃப்டி:
2020ல் 5-5. அந்த ஆண்டு என்எஃப்எல் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) 14 பேர் போனார்கள், ஐவர் முதல் சுற்றிலேயே. பிரேடி என்எஃப்எல் அணியான கரோலினாவுக்கு, அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். சேஸ் அந்த சீசன் ஆடவே இல்லை. ஏட்டில் திட்டம் இருந்தது, ஆறாவது ஆள் வருவதைப் பார்த்து எறிகிற பரோ இல்லை.