கலப்புக் குடிகளின் கதைக்கு எந்த முடிவு பொருந்தும்?

கேள்வி – நெடுவழி

செவ்வாயில் மனிதர் குடியேறி மூன்று தலைமுறை கடந்த காலத்தில் நடப்பதாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். புவியிலிருந்து பணிக்கு வந்தவர்களுக்கும் செவ்வாயிலேயே பிறந்தவர்களுக்கும் உண்டான பிள்ளைகளை இரு தரப்பாரும் ஒதுக்கிவைக்கிறார்கள். இவர்களுடைய எலும்பு புவியில் தாங்காது என்கிறது ஒரு தரப்பு. இவர்கள் புவிக்கே விசுவாசமானவர்கள் என்கிறது மற்றது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி பெரும் விபத்து ஒன்றிலிருந்து நகரத்தைக் காப்பாற்ற, எல்லோரும் அவளை ஏற்றுக்கொள்கிறார்கள். கைப்பிரதியைப் படித்தவர்கள் முடிவு மட்டும் மனத்தில் ஒட்டவில்லை என்கிறார்கள். காரணம் என்னவாக இருக்கும்?

பதில் – விண்வாசகன்

நகரத்தைக் காப்பாற்றாத மற்றப் பிள்ளைகளின் கதி என்ன என்று வாசகர் கேட்கத்தான் செய்வார். உயிரைப் பணயம் வைத்துப் பெறுவது உரிமையாகாது, கூலி. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஸ்பாக், மனிதத் தாய்க்கும் வல்கன் என்னும் வேற்றுக்கோள் இனத்துத் தந்தைக்கும் பிறந்தவர். அவருக்கு இடம் அமைவது பணிபுரியும் கப்பலில். ஆனால் அவர் தனியொருவர், உங்களிடம் இருப்பதோ ஒரு கூட்டம். அந்த வழி உங்களுக்கு முழுதாக உதவாது.

பதில் – பழஞ்சுவடி

கூட்டத்துக்கு வரலாற்றிலேயே முன்னுதாரணம் உண்டு. வட அமெரிக்காவில் விலங்குத்தோல் வணிகத்துக்குச் சென்ற பிரெஞ்சு, ஸ்காட்லாந்து ஆண்களுக்கும் கிரீ, ஒஜிப்வே முதலிய பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழியினர், காலப்போக்கில் மெட்டி என்னும் தனி மக்களாகவே ஆனார்கள். இன்றைய கனடாவிலுள்ள ரெட் ரிவர் பகுதியிலிருந்து காட்டெருமை வேட்டைக்குப் புறப்படும்போது தலைவர்களைத் தேர்ந்தெடுத்து, விதிகளும் வகுத்துக்கொண்டார்கள். ஆணைக்கு முன்பே மந்தையை நோக்கிப் பாய்ந்தவனுடைய சேணத்தையும் கடிவாளத்தையும் வெட்டிப்போடுவது முதல் தவறுக்கான தண்டனை. அவர்களுடைய மிச்சிஃப் மொழியில் வினைச்சொற்கள் பெரும்பாலும் கிரீ, பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு. கனடாவின் அரசியலமைப்பு அவர்களைப் பழங்குடி மக்களுள் ஒரு பிரிவினராக ஏற்றது 1982இல்தான். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே அவர்கள் தமக்குள் ஒரு மக்களாகிவிட்டிருந்தார்கள். உங்கள் கதையில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதாக எனக்குப் படுகிறது.

பதில் – ஈர்ப்புவிசை

எலும்பைப் பற்றி ஒரு சொல். எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கின்றன. செவ்வாயின் ஈர்ப்போ புவியினுடையதில் ஏறத்தாழ 38 விழுக்காடு. அங்கே வளரும் பிள்ளையின் எலும்பு மெலிதாக இருக்கும் என்று கதைக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வளர்ந்த இடத்தின் விளைவு, தந்தை எந்தக் கோளில் பிறந்தார் என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை. கலப்பில்லாத செவ்வாய்க் குழந்தைக்கும் அதே எலும்புதான் இருக்கும். மருத்துவம் என்ற பெயரில் சொல்லப்படுவது வெறும் சாக்கு என்பதை ஒரு மருத்துவர் பாத்திரமே கண்டுகொள்ளலாமே!

கேள்வி கேட்டவர் – நெடுவழி

மிக்க நன்றி. விபத்தை நடுப்பகுதிக்கு நகர்த்திவிடுகிறேன். நகருக்கு வெளியே சூரியத் தகடுகளில் படியும் தூசியைத் துடைக்கும் வேலை ஏற்கெனவே இவர்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. வேட்டை விதிகளைப் போன்றவை அங்கிருந்தே முளைக்கட்டும். ஓர் ஐயம்: அந்த வேலையில் பல்லாண்டு உடனிருந்த, கலப்பில்லாத செவ்வாய்க்காரன் ஒருவன் தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டால் என்ன செய்வார்கள்?

பதில் – பழஞ்சுவடி

உங்கள் கடைசி அத்தியாயம் அதுதான். ஒதுக்கப்பட்டவர்களே உட்கார்ந்து, யாரைச் சேர்ப்பது என்று இரண்டுபட்டு வாதாட வேண்டும். அவனுக்காகப் பேசும் கதாநாயகி அந்த வாதத்தில் தோற்றுப்போகட்டும்.