கீழத்தெரு வீடுகள் குழு: இலைப் படம் போட்ட அரிசிப் பையும் மாமா காட்டு மிளகாயும்

புதுவீட்டுத் தங்கச்சி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். நேற்று ராமநாதபுரம் போயிருந்தபோது ஒரு கடையில் ஆர்கானிக் என்று போட்டிருந்த அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம் வாங்கினேன், மூன்றும் சேர்த்து 440 ரூபாய். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் மூன்றும் தடித்த பளபளப்பான பிளாஸ்டிக் பை, மேலே ஒரு பச்சை இலைப் படம், வேறு ஒன்றுமே இல்லை. எங்களுக்கு மளிகைக்கு மாதம் 5,000 ரூபாய்தான். சின்னவளுக்கு இப்போதுதான் 2 வயது, அவளுக்காவது நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இப்படி மாற்றினால் 10-ஆம் தேதியே கை காலியாகிவிடும். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மூணாம் வீட்டு லாத்தா: எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்மா. நான் எதையுமே அப்படி வாங்குவதில்லை. நாளைக் காலை வீட்டுக்கு வா, பேசுவோம்.

மிளகாய்க்காட்டு மாமா: தாயி, இலைப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பையில் அடைத்து ஆர்கானிக் என்று விற்றால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஜைவிக் பாரத் முத்திரை இருக்க வேண்டும், 2017-இல் வந்த விதி அது. சான்று எந்த வழியில் வாங்கினார்கள் என்பதும் பையில் இருக்கும், ஒன்று இந்தியா ஆர்கானிக், அது சான்று நிறுவனம் சோதித்துத் தருவது, இன்னொன்று பிஜிஎஸ் இந்தியா. பிஜிஎஸ் என்பது பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது, அதனால் சின்ன விவசாயிக்குச் செலவு குறைவு. அதிலும் கிரீன் என்று போட்டிருந்தால் நிலம் ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

புதுவீட்டுத் தங்கச்சி: அப்படியென்றால் உங்கள் மிளகாய்க்கு முத்திரை இருக்கிறதா மாமா?

மிளகாய்க்காட்டு மாமா: இல்லை. என்னைப் போல விளைவித்தவனே நேராக வீட்டுக்கு விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை, ஆனால் முத்திரையும் போட்டுக்கொள்ள முடியாது. என்னிடம் காட்டுவதற்கு இருப்பது காடுதான். முதுகுளத்தூர் பக்கம் கரிசல், வானம் பார்த்த பூமி, 4 வருடமாக ஆட்டுக்கிடை போட்டு, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறேன். பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தால் காற்றில் வருவதை என்னால் தடுக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு வாங்கு.

டீச்சர் அக்கா: நான் போய்ப் பார்த்தேன். போன மாசியில் களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, உருண்டை உருண்டையாக, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால்தான் ஈரம் இல்லை என்று மாமா சொன்னார். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் நம் தெருவிலேயே பாதி வீட்டில் பாக்கெட் தூள்தான். தங்கச்சி, உன் கணக்கையே எடுத்துக்கொள். 200 கிராம் தூள் என்ன விலை?

புதுவீட்டுத் தங்கச்சி: 140 அக்கா.

டீச்சர் அக்கா: கிலோ 700 ஆகிறது. போன தடவை மாமாவிடம் காம்பு கிள்ளாமல் கிலோ 260-க்கு வாங்கினேன், மல்லி சேர்த்து மில்லில் அரைத்த கூலி தனி. காம்பு, கழிவு எல்லாம் போனாலும் பாதிக்குப் பாதி மிச்சம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 3 கிலோ போதும். மாசி, பங்குனியில் வரத்து இருக்கும்போதே மொத்தமாக வாங்கிவிட வேண்டும், ஐப்பசியில் போய்த் தேடினால் விலையும் ஏறிவிடும், சரக்கும் பழசாக இருக்கும்.

புதுவீட்டுத் தங்கச்சி: ஒரே நேரத்தில் 800 ரூபாய் எடுத்து வைப்பதுதானே கஷ்டம்?

மூணாம் வீட்டு லாத்தா: அதற்குத்தான் நாங்கள் ஆறு வீடு சேர்ந்து மாதம் 100 ரூபாய் போட்டு வைக்கிறோம். மாசியில் மிளகாய், வெயில் காலத்தில் சாயல்குடி பக்கத்திலிருந்து கருப்பட்டி. கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்வேன். உடைத்த இடம் கற்கண்டு போல மினுங்கினால் சீனி கலந்தது, மங்கலாக, கரும்பழுப்பாக இருந்தால்தான் எடுப்பேன். என் உம்மா பார்த்த பக்குவம் அது. ஓலைக் கொட்டானிலேயே தருவார்கள், அப்படியே அடுப்படிப் பரணில் வைத்தால் மழைக்காலத்திலும் கசியாது. கருப்பட்டியும் விலைதான், அதனால் சின்னவளுக்கும் பெரியவர்களுக்கும் மட்டும், மற்றவர்களுக்குச் சீனி போட்ட தேநீர்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கடைசிவீட்டுத் தம்பி: அக்கா, செக்கு எண்ணெய்? எங்கள் வீட்டில் அதற்குத்தான் தினம் சண்டை.

டீச்சர் அக்கா: முழுவதும் மாற்ற நம்மால் முடியாது தம்பி. தாளிக்கவும் பொடி தோசைக்கும் மட்டும் அரை லிட்டர் செக்கு நல்லெண்ணெய் வாங்கு, பொரிப்பதைக் குறைத்துக்கொள். அரிசியும் அப்படித்தான். மூன்று வேளைக்கும் பாரம்பரிய அரிசி என்றால் யாருக்கும் கட்டாது. திருப்புல்லாணிப் பக்கம் சித்திரைக்கார் கிடைக்கிறது, நம் மாவட்டத்து வறட்சிக்கே விளைகிற சிவப்பரிசி. மாதம் 3 கிலோ, காலைக் கஞ்சிக்கு மட்டும். மற்றதற்கு ரேஷன் அரிசி, கடை அரிசி. கீரைக்குக் காசு எதற்கு? நம் தெருவிலேயே ஆறு முருங்கை நிற்கிறது, எதற்கும் ஒரு சொட்டு மருந்து அடிப்பதில்லை. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், அப்போது மட்டும் விட்டுவிடு.

நாட்டுப்படகு அண்ணன்: நான் ஒன்று சொல்லலாமா? எல்லாரும் சாப்பாட்டில் என்ன விஷம் இருக்கிறது என்றே பேசுகிறீர்கள். இன்று விடியற்காலை வலை இழுத்தேன், ஒரு பாய்ச்சலில் சூடை மீன் அரைக்கூடை, கூடவே கறுப்புக் கவர் பதினொன்று. எண்ணினேன். கண்ணியில் ஒட்டிக்கொண்டு கிழிந்து வருகிறது, அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கவே அரை மணி நேரம் போனது. அதில் ஒன்றில் மீன் கடை ஐஸ் நாற்றம் இன்னும் போகவில்லை. நம் ஆள்கள் மீன் வாங்கிப் போட்டுவந்த கவர்தான் அது. கடலில் மிதந்தால் ஆமை தின்னும் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், மாதிரியே இருக்கும், ஆமை என்ன கண்டது? எதிரே 21 தீவு, தேசியப் பூங்கா என்று பலகை வைத்திருக்கிறோம்.

புதுவீட்டுத் தங்கச்சி: அண்ணே, நானும் கவரில்தான் வாங்குகிறேன். 2019-இல் இருந்தே தடை என்பார்கள், ஆனால் கேட்காமலேயே போட்டுத் தருகிறார்கள்.

நாட்டுப்படகு அண்ணன்: கேட்காமல் தருவார்கள்தான், நீ தூக்குவாளியை நீட்டினால் மறுக்கவா போகிறார்கள்? என் அம்மா கடைசிவரை ஓலைப்பெட்டியில்தான் மீன் வாங்கினார்கள். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாங்கள் போவோம். அப்போது ஐஸில் கிடந்த வெளியூர் வஞ்சிரத்துக்கு விலை கொடுக்காதீர்கள். கரையில் வந்து சூடை, காரல், நகரை வாங்குங்கள், விலையும் குறைவு, அன்றைக்குப் பிடித்தது. விரல் நீளக் குஞ்சு மீனை மட்டும் யார் விற்றாலும் வாங்காதீர்கள், அது வளர்ந்தால்தான் எனக்கு அடுத்த வருடம் பிழைப்பு.

மூணாம் வீட்டு லாத்தா: சரியாகச் சொன்னீர்கள் தம்பி. என்னிடம் பழைய வேட்டி, கைலி நிறைய இருக்கிறது, தையல் மெஷினும் சும்மாதான் கிடக்கிறது. யார் வீட்டில் பழைய துணி இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள், பை தைத்துத் தருகிறேன், வீட்டுக்கு மூன்று. காசு வேண்டாம், நூல்கண்டு மட்டும் வாங்கித் தாருங்கள்.

புதுவீட்டுத் தங்கச்சி: லாத்தா, நாளைக்கே வருகிறேன், என் மாமனாரின் வேட்டி நான்கு இருக்கிறது. அந்த 440 ரூபாயை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டீச்சர் அக்கா: சாப்பிட்டு முடி, வீணாக்காதே. சட்டைப் பையில் ரசீது இருந்தால் கடைக்காரரிடம் கொண்டுபோய் முத்திரை எங்கே என்று ஒரு தடவை கேட்டுவிடு, கோபப்படாமல். நாலு பேர் கேட்டால் அவரும் மொத்த வியாபாரியிடம் கேட்பார். பாத்திரத் தூளைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் உப்புத் தண்ணீரில் நுரை வராது என்று கையள்ளிப் போடுகிறோம், எல்லாம் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. எண்ணெய் இல்லாத பாத்திரத்துக்குத் தேங்காய் நாரும் சாம்பலும் போதும், நான் இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், தூள் செலவு பாதியாகிவிட்டது.

மிளகாய்க்காட்டு மாமா: ஞாயிற்றுக்கிழமை சரக்கு ஆட்டோவில் மிளகாய் கொண்டுவருகிறேன். யாருக்கு எவ்வளவு என்று இன்று இரவுக்குள் போடுங்கள். பாதிப் பணம் இப்போது, பாதி அடுத்த மாதம் தந்தாலும் சரி.

மூணாம் வீட்டு லாத்தா: எனக்கு 4 கிலோ.

கடைசிவீட்டுத் தம்பி: 2 கிலோ மாமா.

புதுவீட்டுத் தங்கச்சி: எனக்கு 3. அடுத்த மாதத்திலிருந்து நூறு ரூபாய்ச் சீட்டில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்க்காட்டு மாமா: சரி தாயி. சாக்கை நான் திருப்பி எடுத்துப் போக வேண்டும், டின்னோ பானையோ கொண்டுவாருங்கள். ஈரம் இல்லாமல் துடைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், போன தடவை ஒருவர் ஈர டின்னில் போட்டு மூன்று கிலோவும் பூஞ்சை பிடித்துவிட்டது.