பாட்டியை வீட்டுக்குள் படம் எடுத்தால் பாஸ்போர்ட் படம் மாதிரியே வருகிறது. என்ன செய்யலாம்?

ரோஸ்ஹில் வாசி

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து எல்லோருக்கும் வணக்கம். பாட்டிக்கு 86 வயது. அவருடைய அன்றாடத்தைப் படமாக எடுத்து, குடும்பத்துக்குள் கொடுக்க முப்பது பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட நினைக்கிறேன். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், தனியாக ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்.

மூன்று சிக்கல்கள். ஒன்று, ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் முகம் கருத்துப் போகிறது; முகத்தைச் சரி செய்தால் ஜன்னல் வெளுத்துவிடுகிறது. இரண்டு, அடுக்களைச் சுவர் பச்சை, மேலே மஞ்சள் பல்பு, ஆகவே தோலின் நிறம் நோயாளி மாதிரி வருகிறது. மூன்றாவதுதான் பெரியது. கேமராவைத் தூக்கியதும் பாட்டி முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, லென்ஸை முறைத்துப் பார்க்கிறார். சாதாரணமாக இருக்கும்போது அவர் அப்படி இல்லவே இல்லை. படத்தில் அவர் அவராகத் தெரிய வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்.

தென்ஜன்னல்

ஜன்னலைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குங்கள். பாடங்களில் எல்லாம் ‘வடக்கு பார்த்த ஜன்னல்தான் நல்லது’ என்று இருக்கும். அது வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் நாடுகளுக்குச் சொன்னது. நாம் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. ஆகவே நேர்வெயில் படாத மெல்லிய ஒளி நம் வீடுகளில் தெற்கு ஜன்னல் வழியாக வரும். கோடையில், அதாவது டிசம்பரை ஒட்டிய வாரங்களில் மட்டும், காலையும் மாலையும் தெற்கு ஜன்னலிலும் வெயில் சாய்ந்து விழும். அப்போது ஒன்பது மணிக்கு மேல் எடுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்து விடுங்கள்.

பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில், முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். முகம் ஜன்னலை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். கண்மணியில் ஜன்னலின் சிறு வெள்ளைக் கட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லாத கண் படத்தில் உயிரில்லாமல் போகும். நிழல் விழும் பக்கம் கன்னம் ரொம்பக் கறுத்தால், ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி முதுகில் ஒரு வெள்ளை வேட்டியைப் போடுங்கள். அது போதும், பிளாஷ் வேண்டாம். பச்சைச் சுவரின் நிறம் கன்னத்தில் ஏறுவதையும் அதே வேட்டி மறைத்துவிடும்.

மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: ஜன்னல் ஒளி 5500 கெல்வின் அல்லது அதற்கு மேல் இருக்கும், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. ஒரு பக்கத்தைச் சரி செய்தால் மறுபக்கம் நீலமாகும். பல்பை அணைத்த பிறகு, முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதை வைத்து வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) நீங்களே பதிவு செய்யுங்கள்.

முகம் கருத்துப் போவது அளவீட்டுப் பிழை. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் முயலும். வெளிச்சமான ஜன்னல் படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வந்தால் முழுப் படத்தையும் இருட்டாக்கும்; அப்போது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். வெள்ளைப் புடவை சட்டத்தை நிறைத்தால் +0.7. கறுத்த முகம் மட்டுமே சட்டத்தை நிறைத்தால் நேர்மாறு: தோலை வெளுக்க வைத்துவிடும், ஆகவே -0.3 அல்லது -0.7. பாட்டியின் நிறம் பாட்டியின் நிறமாகவே இருக்கட்டும். தோலை வெளுப்பாக்கி ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று சொல்லும் பழக்கம் நம் ஸ்டூடியோக்களில் அதிகம். அது எனக்குச் சம்மதமில்லை.

இதையெல்லாம் மேனுவலில் வைப்பது எளிது. ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கி, திரையில் பெரிதாக்கி நெற்றியைப் பாருங்கள். அங்கே விவரம் தொலைந்திருந்தால் ஒரு படி குறையுங்கள். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து எடுக்காதீர்கள். ஒன்றரை மீட்டரில் அதற்கு ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் ஃபோகஸ் ஆழம். அருகில் இருக்கும் கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். மூக்குத்தியும் தோடும் தெரிய வேண்டிய முகம் இது. எஃப் 2.8 அல்லது 4 வையுங்கள். ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவாகவே) எடுங்கள்.

அம்மியும் குழவியும்

ஒளியைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் 50 மி.மீ. பற்றி எனக்கு வேறு கருத்து. கிராப் சென்சாரில் அது முழு அளவு சென்சாரின் 75 மி.மீ.-க்குச் சமம். ஒன்றரை மீட்டரில் நின்றால் 70 சென்டிமீட்டர் அகலம்தான் சட்டத்தில் கிடைக்கும்: தலையும் தோளும். பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதில் பாதிக் காரணம் இதுதான். 18-55-ஐ 24-இல் வைத்து அதே இடத்தில் நில்லுங்கள். ஒன்றரை மீட்டர் அகலம் கிடைக்கும். அதில் பாட்டியும் இருப்பார், அவர் கை எட்டும் தூரத்தில் என்னென்ன வைத்திருக்கிறார் என்பதும் இருக்கும். ஒரு மீட்டருக்குள் மட்டும் போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். ஓரத்தில் முகத்தை வைத்தாலும் இழுபடும்.

இப்போது மூன்றாவது சிக்கல். பாட்டி நிமிர்ந்து உட்காருவதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். அவர் தலைமுறைக்குப் படம் என்றால் ஸ்டூடியோ, நல்ல புடவை, அசையாமல் இருப்பது. அதற்கும் முன்னால் நம் முன்னோருக்குப் படம் என்றால் அடையாளச் சீட்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தக் கூலி வேலை முடிந்த பழைய குடியேறிகள் தங்கள் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். அந்தப் படங்களில் பலவும் குடியேற்றப் பதிவேடுகளோடு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கேமரா நேர் எதிரே, முகத்தில் உணர்ச்சி இல்லை, ஆளுக்கு ஒரு எண். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று படத்தில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. நம் கண்ணுக்கு அவை ‘விறைப்பாக’ தெரிவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே நீங்கள் கேளுங்கள். ‘எங்கே உட்காருகிறீர்கள் பாட்டி?’ என்று. அவர் காட்டும் இடத்தில் ஒளி சுமாராக இருந்தாலும் முதலில் அங்கேயே எடுங்கள். அவர் விரும்பும் அந்த நிமிர்ந்த படத்தையும் மரியாதையாக, நல்ல ஒளியில், நிதானமாக எடுத்துக் கொடுங்கள். அது புத்தகத்தில் முதல் பக்கம். அதை எடுத்து முடித்ததும் அவருக்குக் கடமை முடிந்துவிடும். பிறகு எழுந்து தன் வேலையைப் பார்ப்பார். உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கையைப் பாருங்கள். முகம் கேமராவுக்காக மாறும், வேலை செய்யும் கை மாறாது. வீட்டில் ரோஷ்காரி (நம் ஊர் அம்மிக்கல்) இருந்தால் அதில் அவர் அரைப்பதை எடுங்கள். (கிரியோலில் உருளைக்கல்லை ‘பாபா’ என்கிறார்கள், தமிழில் ‘குழவி’. இரண்டு மொழியிலும் அது குழந்தை!) கல்லின் மட்டத்துக்குக் குனிந்து, ஜன்னல் ஒளி கல்லின் மேல் பக்கவாட்டாக வழுக்கிப் போகும்படி நில்லுங்கள். மேலிருந்து எடுத்தால் கல் தட்டையாகத் தெரியும். பக்க ஒளியில்தான் கொத்திய புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் விழும், குழிகளில் தங்கிய மஞ்சள் விழுது ஈரமாக மின்னும், நகக்கண்ணில் ஏறிய மஞ்சளும் தெரியும். 1/250 வைத்தால் கை உறைந்து நிற்கும். 1/30-இல், கேமராவை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து எடுத்தால், கல் தெளிவாகவும் குழவியும் விரல்களும் இலேசாகக் கரைந்தும் வரும். அரைப்பதன் வேகம் அதில் இருக்கும். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

அடுக்களையை ஒழுங்குபடுத்தச் சொல்லாதீர்கள். எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் மாத்திரைச் சீட்டு கிடந்தால் கிடக்கட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் எடுக்க வேண்டாம், அவருக்குக் களைப்பாகிவிடும். ஏழெட்டு நாள் போய் வாருங்கள். ஷட்டர் சத்தம் கேட்டால் தலை நிமிர்த்துகிறார் என்றால் சத்தமில்லாத முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

ரோஸ்ஹில் வாசி

மிக்க நன்றி. 24-இல் வைத்ததும் வித்தியாசம் தெரிகிறது. சத்தமில்லாத முறையில் மாலையில் எடுத்த படங்களில் மட்டும் குறுக்கே இருண்ட பட்டைகள் வருகின்றன, கேமரா கெட்டுவிட்டதா? இன்னொன்று: கூடத்துச் சுவரில் பாட்டியின் கல்யாணப் படமும் கொள்ளுத்தாத்தா படமும் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. அவற்றையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தென்ஜன்னல்

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப்லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. சத்தமில்லாத முறையில் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது. மங்கிய நேரத்தில் படித்த வரிகள் பட்டையாகின்றன. 1/100 அல்லது 1/50 வையுங்கள், பட்டை போய்விடும். 1/250 வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் பகலில், அல்லது சாதாரண ஷட்டரில் ஃபிளிக்கர் தடுப்பை இயக்கி எடுங்கள்.

பழைய ஆல்பம்

ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊற வைக்கச் சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். கண்ணாடி வழியாகவே நகல் எடுங்கள். ஒட்டாத படமென்றால் பின்னட்டையைக் கழற்றி வெளியே எடுத்து நகல் செய்யலாம். பசைத்தாள் ஆல்பத்தில் இருப்பவற்றைப் பல் இடுக்குக்குப் பயன்படுத்தும் மெழுகிடாத நூலை அடியில் விட்டு, அறுப்பது போல் மெல்ல நகர்த்தி விடுவிக்கலாம். நூல் தடைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆல்பத்தோடு சேர்த்தே எடுங்கள்.

நகல் எடுக்கும் முறை: படத்தை மேசையில் தட்டையாக வைத்து, டிரைபாடில் கேமராவை நேர் மேலே பொருத்துங்கள். இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, படத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடித் துண்டை வையுங்கள். கேமராத் திரையில் உங்கள் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் இணை. இல்லாவிட்டால் கல்யாணப் பந்தல் ஒரு பக்கம் சாயும். ஒரே வகை விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகையில். நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் விழும் நிழல்கள் ஒரே நீளம், ஒரே கறுப்பு என்றால் ஒளி சமம். எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு நொடி டைமர்.

கண்ணாடி இருந்தால் கேமராவும் கூரையும் அதில் பிரதிபலிக்கும். ஒரு கறுப்புத் துணியின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் அதில் நுழைத்து, மற்றதை மறையுங்கள். நேர் எதிரே இருந்து எடுக்கும்போது போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) அவ்வளவாக உதவாது. அது சாய்ந்த கோணத்தில்தான் வேலை செய்யும்.

உங்கள் 50 மி.மீ. போதும். 9 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு படம் சட்டத்தில் பாதியே நிறைந்தாலும் 3000 பிக்சல் கிடைக்கும், அதாவது இன்ச்சுக்கு ஏறத்தாழ 850. புத்தக அச்சுக்கு 300 போதும். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ எழுதிய ஒரு பெயர், எதுவும் இருக்கலாம்.

சுவரில் தொங்கும் சட்டங்கள் பாட்டிக்குப் பின்னணியாக வரும் படமும் ஒன்று வேண்டும். அப்போது ஜன்னல் அந்தக் கண்ணாடியில் வெள்ளையாக அடிக்கும். சட்டத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால் மடித்த அட்டையைச் செருகி ஒரு விரற்கடை முன்னால் சாய்த்தால் பிரதிபலிப்பு கீழே போய்விடும்.

அம்மியும் குழவியும்

பெயர்களைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பதிவில் ‘மூர்கென்’ என்று இருப்பவர் வீட்டில் முருகன். ‘சூப்ரமணியென்’ என்று இருப்பவர் சுப்பிரமணியன். இரண்டு எழுத்துகளையும் படக்குறிப்பில் போடுங்கள். ஒன்று இல்லாமல் பிற்பாடு தேடுபவர் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முன்பக்கம் தடம் போடும்.

அச்சுக்கு அனுப்பும் முன் நான்கு படங்களை 10×15 அளவில் சோதனைப் பிரதி எடுங்கள். திரையில் தெரிவதைவிடத் தாளில் இருட்டாக வரும், கறுத்த தோலின் நிழல் பகுதிகள் முதலில் அடைபடும். அந்தப் பிரதிகளைப் பாட்டியிடமே கொடுத்து, அவர் உட்காரும் ஜன்னல் ஒளியில் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று வேண்டாம் என்றால், உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், அதை எடுத்துவிடுங்கள்.

குயிர்ப்பிப் மழை

ஒன்று விட்டுப்போனது. அடுக்களை ஆவியில் எடுத்த பிறகு லென்ஸை உடனே மூடிப் பைக்குள் போடாதீர்கள். துடைத்து, அரை மணி நேரம் காற்றில் விட்டு, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். உள்ளே 40-50 சதவீத ஈரப்பதம் சரி. இருபது ரூபாய்த் துணிப்பையில் விட்டால், மேட்டுப் பகுதி ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடிவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் குறைந்த சூட்டில் அடுப்பில் காய வைத்துத் திரும்பப் போடலாம்.