லினாக் அவுட்புட் எல்லா எனர்ஜியிலும் 4.5% குறைவு: கெயினைக் கூட்டலாமா?

கோவைக்கதிர் கேட்டது:

லினாக்கின் (புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் மெஷின்) மாதாந்திர அவுட்புட் அளவையில், அதாவது அது தரும் டோஸை அளப்பதில், ஒரு குழப்பம். ஊர் கோவை. டிஆர்எஸ்-398 முறை (சர்வதேச அணுசக்தி முகமையின் டோஸ் அளவை நெறிமுறை), வாட்டர் ஃபேன்டம் (உடலுக்குப் பதில் வைக்கும் தண்ணீர்த் தொட்டி), 10 × 10 செ.மீ. ஃபீல்டு, எஸ்எஸ்டி (கதிர் மூலத்திலிருந்து நீர்ப்பரப்புக்கு உள்ள தூரம்) 100 செ.மீ., ஆழம் 10 செ.மீ., 0.6 சிசி ஃபார்மர் சேம்பர் (உள்ளிருக்கும் காற்றில் கதிர் உண்டாக்கும் சார்ஜைச் சேகரிக்கும் குழல்).

6 எம்வி எக்ஸ்ரே, 100 எம்யூ-வுக்கு (மெஷின் டோஸை எண்ணும் அலகு) சராசரி 11.78 நானோகூலும். நீர் 23 டிகிரி, காற்றழுத்தம் 1011 ஹெக்டோபாஸ்கல், ஆகவே கே-டிபி (வெப்ப, அழுத்தத் திருத்தம்) 1.0125. காலிபரேஷன் ஃபேக்டர் 0.0537 கிரே/நானோகூலும், மற்ற திருத்தங்கள்: கே-க்யூ 0.991, ரீகாம்பினேஷன் 1.004, போலாரிட்டி 1. பெருக்கினால் 63.7 சென்டிகிரே. வரவேண்டியது 66.7.

15 எம்வி-யிலும் இதே 4.5% குறைவு. 9 எம்இவி எலக்ட்ரானை அதற்குரிய ஆழத்தில் பேரலல் பிளேட் சேம்பரில் (தட்டையான வேறொரு சேம்பர்) எடுத்தாலும் அதே. டெய்லி செக் கருவி காலையில் 0.4%-க்குள் காட்டியது. பீமின் சீர்மையைக் காட்டும் பிளாட்னஸ், சிமெட்ரியில் குறை இல்லை. எங்கள் அழுத்தமானி காலிபரேஷனுக்குப் போயிருப்பதால் அழுத்தம் மட்டும் செல்போன் வானிலை ஆப்பில் பார்த்தது.

மாதாந்திர வரம்பு 2%. சர்வீஸ் இன்ஜினியர் நாளை வருகிறார். மெஷினின் அவுட்புட்டை ஏற்றி இறக்கும் கெயினைக் கூட்டச் சொல்லலாமா?

---

நீர்த்தொட்டி:

இன்ஜினியரைக் கெயின் பக்கம் விடாதீர்கள். மெஷினில் தவறு இல்லை. உங்கள் 1011-தான் தவறு.

வானிலை ஆப் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். வெவ்வேறு உயரத்தில் உள்ள ஊர்களை ஒரே வரைபடத்தில் ஒப்பிட வேண்டுமென்பதால் வானிலைக்காரர்கள் அப்படி மாற்றிப் போடுகிறார்கள். விமான நிலைய அறிக்கையில் க்யூ என்ற எழுத்தோடு வரும் எண்ணும் அதே வகைதான். சேம்பர் குழிக்குள் இருப்பதோ உங்கள் அறையின் காற்று. கோவை கடல்மட்டத்திலிருந்து 410 மீட்டர் சொச்சம். இந்த உயரத்தில் 8.5 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் குறையும் என்று வைத்தால் அறையில் 963-லிருந்து 967-க்குள் இருக்கும்.

966 போட்டுப் பாருங்கள், வெப்பநிலை கெல்வினில். (296.15 ÷ 293.15) × (1013.25 ÷ 966) = 1.0597. அதே 11.78-க்கு 66.7 சென்டிகிரே வந்துவிடும்.

சென்னையில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது, அங்கே இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மதுரையில் ஒரு சதவீதத்தைத் தாண்டும், வேலூரில் இரண்டரைக்குக் கிட்டே, பெங்களூரில் பத்து.

கெயினைக் கூட்டியிருந்தால் உண்மையில் 4.7% அதிக டோஸ் போகும். 60 கிரே எழுதிய நோயாளிக்கு 62.8 கிரே. வெளி நிறுவனம் தபாலில் டோஸ்மானி அனுப்பிச் சரிபார்க்கும் ஆடிட்டின் ஏற்பு வரம்பு 5% என்பதால் அதிலும் தேறிவிடும் என்பதுதான் கொடுமை.

---

ஃபார்மர் பாய்ண்ட் சிக்ஸ்:

விடை அதுதான். ஆனால் ஆப்பைப் பற்றி அவர் சொல்லியிருக்காவிட்டாலும் இந்த எண்களை வைத்தே அங்கே போய்ச் சேரலாம். அடுத்த முறை வேறு காரணமாக இருந்தால் உதவும்.

ஆழம் தவறா? 6 எம்வி-யில் 4.5% குறைய ஏறக்குறைய 1 செ.மீ. ஆழம் கூடியிருக்க வேண்டும். அதே 1 செ.மீ.-க்கு 15 எம்வி-யில் குறைவது இவ்வளவு இருக்காது, 9 எம்இவி-யில் எண் தாறுமாறாகியிருக்கும். எல்லாம் ஒரே அளவு குறைந்ததால் ஆழம் இல்லை. எஸ்எஸ்டி என்றால் இரண்டரை செ.மீ. பிசக வேண்டும், தூரம் காட்டும் கம்பியான ஃப்ரன்ட் பாய்ண்டர் வைத்த உடனே தெரிந்துவிடும். இரண்டு வேறு சேம்பர்களும் ஒரே கதை சொல்வதால் சேம்பரும் இல்லை. மிச்சம் சேம்பரின் சார்ஜைப் படிக்கும் எலக்ட்ரோமீட்டர், கே-டிபி, லினாக்குக்குள் இருந்து எம்யூ-வை எண்ணும் மானிட்டர் சேம்பர்.

மானிட்டர் சேம்பரை எல்லா எனர்ஜியும் கடந்துதான் போகின்றன. எனவே அது கெட்டாலும் எல்லாம் சேர்ந்து நகரும். ஆனால் திசையைப் பாருங்கள். அடைத்து வைத்த சேம்பரின் சீல் கசிந்தால் உள்ளே காற்று நம்மூர் அழுத்தத்துக்கு இறங்கும். காற்று குறைந்தால் சார்ஜ் குறையும், அதே எம்யூ எண்ணிக்கையை எட்ட மெஷின் அதிக நேரம் பீம் விடும். அவுட்புட் கூடும், குறையாது. அதோடு தினமும் வானிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். டெய்லி செக் கருவி 0.4%-க்குள் நிற்கும்போது அதற்கு இடமே இல்லை. அந்தக் கருவிக்குள் பெரும்பாலும் சொந்த வெப்ப, அழுத்த சென்சார் இருக்கும். அறையின் அழுத்தத்தை அது என்ன காட்டுகிறது என்று மெனுவில் பார்த்துவிடலாம்.

வெப்பநிலையிலும் கண் வையுங்கள், ஒரு டிகிரிக்கு 0.34%. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை அப்போதே நிரப்பிவிட்டுச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் படித்தால் 5 டிகிரி பிசகு, 1.7% போச்சு. முந்தின நாள் மாலையே நிரப்பி வைத்து, தெர்மாமீட்டர் முனையைத் தண்ணீருக்குள் சேம்பர் பக்கத்திலேயே விடுங்கள். ஸ்லாப் ஃபேன்டம் (பிளாஸ்டிக் பலகை அடுக்கு) இதைவிட மோசம். ஏசி இல்லாத அலமாரியிலிருந்து எடுத்தால் மணிக்கணக்கில் சூடு இறங்காது.

இன்னொன்று: அமெரிக்க டிஜி-51 முறையின் ஆதார வெப்பநிலை 22 டிகிரி, டிஆர்எஸ்-398-ல் 20. யாரோ கொடுத்த எக்செல் ஷீட்டில் 295.15 என்று இருந்தால் 0.7% சத்தமில்லாமல் விழுந்துவிடும். உங்கள் சேம்பர் சான்றிதழில் எது இருக்கிறதோ அதுவே ஷீட்டிலும் இருக்கட்டும்.

---

கோவைக்கதிர்:

நன்றி சார். டெய்லி செக் கருவியின் மெனுவில் 965.4 காட்டுகிறது. ஸ்டோர் ரூமில் பழைய ஃபார்ட்டின் பாரோமீட்டரும் (பாதரச அழுத்தமானி) இருக்கிறது, 727.5 மி.மீ. என்று நிற்கிறது. ஹெக்டோபாஸ்கலாக மாற்றினால் 969.9. எதை நம்புவது?

---

நீர்த்தொட்டி:

இரண்டும் ஒன்றுதான். பாதரசப் பத்தியின் உயரத்தை 0 டிகிரிக்குத் திருத்த வேண்டும். அறை வெப்பத்தில் பாதரசம் விரிந்து நிற்கிறது. அளவுகோலின் விரிவையும் கழித்தால் டிகிரிக்கு 0.000163. அறை 24 டிகிரி என்றால் 727.5 × 0.000163 × 24, அதாவது 2.8 மி.மீ. கழியும். 724.7 மி.மீ., 966.2 ஹெக்டோபாஸ்கல். மிச்ச வித்தியாசம் ஒரு ஹெக்டோபாஸ்கல்கூட இல்லை, டோஸில் 0.1%-க்கும் கீழே. படிக்கும் முன் அடித்தொட்டியின் பாதரச மட்டம் தந்தத்தாலான குறிமுனையைத் தொடும்படி திருகி வைத்தீர்களா என்று மட்டும் பாருங்கள்.

---

மின்மானி:

இன்ஜினியர் வருவதால் ஒரு வார்த்தை. அளவை நிஜமாகவே 2% தாண்டினாலும் ஒரே ஆள், ஒரே கருவித்தொகுதி எடுத்த எண்ணை வைத்துக் கெயினைத் தொடக்கூடாது. இன்னொரு பிசிசிஸ்ட், வேறு சேம்பர், வேறு எலக்ட்ரோமீட்டர், வேறு அழுத்தமானி கொண்டு எடுக்கட்டும். 1988-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் புதிய கோபால்ட் சோர்ஸின் அளவையில் நேர்ந்த பிழையால் இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு 25% அதிக டோஸ் போனது. அந்த அளவையை வேறொருவர் தனியாக எடுத்துச் சரிபார்க்கவில்லை.

போன மாத ஷீட்டையும் திறந்து பாருங்கள். அழுத்தக் கட்டத்தில் 960-களில் ஓர் எண் இருந்து, இந்த மாதம் மட்டும் 1011 என்றால் விஷயம் முடிந்தது. அந்தக் கட்டத்துக்கு 955 முதல் 975 வரை என்று எக்செலில் வரம்பு போட்டு வையுங்கள். அதைத் தாண்டிய எண்ணை ஷீட்டே ஏற்காது.