14 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பும் தம்பிக்கு நாங்கள் எப்படித் துணை நிற்பது?

கேட்டவர்: ஒரு அக்கா

அனைவருக்கும் வணக்கம். வாய்க்கால் தகராறில் நடந்துவிட்ட ஒரு கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற என் தம்பி, 14 ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டு, முன்விடுதலை பெற்று அடுத்த மாதம் வீடு திரும்புகிறான். உள்ளே போனபோது அவனுக்கு 23 வயது. பத்தாம் வகுப்பில் தவறியிருந்தவன், அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்தான். தறியும் ஓட்டக் கற்றுக்கொண்டான். மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் தெம்பாகப் பேசுகிறவன், சென்ற முறை மட்டும், "வெளியே வந்து நான் என்னக்கா செய்யப் போகிறேன்?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இறந்தவரின் குடும்பம் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. அம்மாவும் இப்போது இல்லை. இந்த நிலையில் யாரை அணுக வேண்டும், முதல் சில வாரங்களில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: சட்ட உதவி மையத்தில் பணியாற்றும் வழக்கறிஞர்

அம்மா, முன்விடுதலைக்குப் பரிந்துரைக்கும் முன்பு உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்த நன்னடத்தை அலுவலர் உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் அவரைக் காவல் துறையைச் சேர்ந்தவர் என்று எண்ணி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகின்றன. உண்மையில் அவர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர்; விடுதலையானவர்கள் மீண்டும் காலூன்ற உதவுவதும் அவருடைய பணியே. விடுதலையானோருக்கென மாவட்டங்களில் இயங்கும் உதவிச் சங்கத்தின் மூலம் தையல் இயந்திரம், கறவை மாடு போன்ற தொழில் உதவி பெறவும் அவர் வழியாகவே விண்ணப்பிப்பது எளிது. தம்பி வருவதற்கு முன்பே அவரைச் சென்று பாருங்கள்.

விடுதலை ஆணையில் உள்ள நிபந்தனைகளை, குறிப்பாக எங்கே, எப்போது நேரில் வர வேண்டும் என்பதை, தம்பி உள்ளே இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். ஆகவே அந்த நிபந்தனைகளில் ஏதேனும் புரியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இப்போதே விளக்கம் கேட்டுவிடலாம். குடும்ப அட்டையில் அவர் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் விடுபட்டுப்போனதால், வந்த முதல் வாரமே தான் இந்த வீட்டுக்கு வேண்டாதவன் என்று உடைந்து போன ஒருவரை நான் அறிவேன்.

மறுமொழி 2: 11 ஆண்டுகள் உள்ளே இருந்தவன்

அக்கா, நான் வெளியே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதம் முழுவதும், மாலை ஆறு மணியானால் யாரும் சொல்லாமலேயே திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். அதுதான் எங்களை அறைக்குள் வைத்துப் பூட்டும் நேரம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து, அந்த நேரம் பார்த்து, கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொன்னாள். மறுநாள் தீப்பெட்டி. அவள் வேண்டுமென்றே அனுப்பினாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. உங்கள் தம்பியை உட்கார வைத்துச் சோறு போடுவதைவிட, இப்படிச் சின்னச் சின்ன வேலைகளை அவரை நம்பி ஒப்படையுங்கள்.

புழல், வேலூர், கோவை போன்ற இடங்களில் சிறைத் துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளைப் பார்த்திருப்பீர்கள். தண்டனையின் கடைசிக் காலத்தில் அப்படி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். வண்டியில் வந்த ஒரு கல்லூரிப் பையன், "அண்ணே, நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றான். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வெளியாள் ஒருவர் என்னை அண்ணே என்று அழைத்தது அன்றுதான். வெளியே வந்த பிறகு எங்கே வேலை கேட்டுப் போனாலும் அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். உங்கள் தம்பிக்குத் தறி தெரியும் என்கிறீர்கள்; வந்த பின்பு தேடுவோம் என்று இருந்துவிடாமல், அவரைப் பற்றி முழுவதும் தெரிந்த ஒரு தறி முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள். மறைத்துச் சேர்த்துவிட்டால், தெரியவரும் நாளை எண்ணியே அவர் தூங்க மாட்டார்.

மறுமொழி 3: சிறையில் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியை

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பைச் சிறையில் தொடங்கி, வெளியே வந்தபின் பாதியில் விட்டவர்கள் என் மாணவர்களில் பலர். உள்ளே இருந்தவரை வாரந்தோறும் ஒருவர் வந்து, "எதுவரை படித்தாய்?" என்று கேட்டார், வெளியே அப்படிக் கேட்க ஒருவருமில்லை. உங்கள் தம்பி மேலே படிக்க விரும்பினால் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள், அம்மா.

அடுத்த தெருக் குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. சிறைவாசியின் கூலியில் ஒரு பகுதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. பணம் போவதால் மனம் ஆறிவிடாது என்றாலும், அந்த வீட்டாரின் துக்கத்துக்கும் 14 வயது ஆகிறது என்பதை உங்கள் வீட்டில் எல்லாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வரவேற்பு, மாலை, வெடி எதுவும் வேண்டாம். இரு குடும்பத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே செய்தி சொல்லிவிடுங்கள். முடிந்தால் முதல் சில மாதங்கள் உங்கள் தம்பி வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்கட்டும்.

கேட்டவர்: ஒரு அக்கா

மூவருக்கும் நன்றி. ஈரோட்டில் தறி வைத்திருக்கும் சித்தப்பாவிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொல்லிப் பேசினேன். "பையனை அழைத்துக்கொண்டு நேரே இங்கே வா" என்றார். அடுத்த தெருவுக்குச் செய்தி சொல்ல, இரு வீட்டுத் திருமணங்களையும் முன்னின்று நடத்திய பெரியவரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.