கூலியில் பிடித்த பிஎஃப் பணத்தைத் தேதி தாண்டிக் கட்டினேன், எனக்கு நேர்ந்தது இது

சேலத்தில் ஆத்தூர் ரோட்டுப் பக்கம் நானும் என் மச்சானும் பார்ட்னர்ஷிப்பில் ஜவ்வரிசி மில் நடத்துகிறோம். களத்தில் உலர்த்தும் பெண்களையும் சேர்த்து 24 பேர். மேஸ்திரி கூட்டிவருகிற ஆட்கள் நம் கணக்கில் வரமாட்டார்கள் என்று எங்கள் தொழிலில் இன்னும் பலர் நினைக்கிறார்கள், ஆனால் 20 பேர் இருந்தால் பிஎஃப் கட்ட வேண்டும் என்கிற எண்ணிக்கையில் அவர்களும் சேர்த்திதான்.

நான் சொல்ல வந்தது 2022-23 கணக்கு வருடத்தில் நடந்தது. எங்கள் சரக்கு பெரும்பாலும் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் போகிறது, அங்கே விரத நாளில் ஜவ்வரிசி இல்லாமல் நடக்காது. நவராத்திரிக்கு முன்னால் லோடு லோடாக ஏறும், பணம் மட்டும் மெதுவாகத்தான் வரும். கிழங்கு கொடுத்தவருக்கு உடனே கொடுத்தாக வேண்டும், கரண்ட் பில் நிற்காது, சனிக்கிழமை கூலி நிற்கவே நிற்காது. எதைத் தள்ளிப் போடலாம் என்று பார்த்தால், வாசலில் வந்து நின்று கேட்க ஆள் இல்லாதது பிஎஃப் ஒன்றுதான். அப்படியே ஐந்து மாதம், பிஎஃப் கட்டக் கடைசி நாளான 15-ஆம் தேதியைத் தாண்டி 25, 28 என்று கட்டினேன்.

கூலி நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் நேரே பிடித்தத்தைச் சிவப்பு மையில் எழுதி, மீதியைக் கவரில் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தச் சிவப்புத் தொகை தனியாக எங்கேயும் இல்லை. அதே கல்லாவில் கிடந்து, அடுத்த கிழங்கு வண்டிக்குப் போய்விட்டது.

அப்போதைய எங்கள் ஆடிட்டர், வருமான வரி ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டிவிட்டால் போதும், வரிக் கணக்கில் செலவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். முன்னால் பல உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் வேறு மாதிரி சொல்லிவிட்டது. முதலாளி தன் பங்கை ரிட்டர்ன் தேதிக்குள் கட்டினால் செலவாக எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளியிடம் பிடித்த பங்கு அப்படி இல்லை, அது அவர்களுடைய பணம், நம் கைக்கு வந்ததும் நம் வருமானமாகவே கணக்காகும், அப்போதிருந்த வரிச் சட்டப்படி, பிஎஃப் சட்டம் சொல்லும் தேதிக்குள் கட்டியிருந்தால்தான் அதைக் கழிக்க முடிந்தது. ஒரு நாள் தாண்டியிருந்தாலும் கிடையாது.

எங்கள் கணக்கில் அது எவ்வளவு வந்தது என்று பாருங்கள். மாதம் மொத்தக் கூலி 2,88,000. அதில் தொழிலாளியிடம் பிடித்த 12 சதவீதம் 34,560. ஐந்து மாதத்துக்கு 1,72,800. நாங்கள் கட்டியே முடித்துவிட்ட அந்தப் பணத்தை லாபத்தோடு சேர்த்து, பார்ட்னர்ஷிப்புக்கு உள்ள 30 சதவீத வரியும் செஸ்ஸும் போட்டால் கிட்டத்தட்ட 53,900 ரூபாய். யாரும் சோதனைக்கு வரவில்லை. வரித் தணிக்கை அறிக்கையில் கட்ட வேண்டிய தேதி, கட்டிய தேதி இரண்டையும் எழுதும் இடம் இருக்கிறது, எங்கள் அறிக்கையைப் பார்த்தே வருமான வரித் துறைக் கம்ப்யூட்டர் அந்தத் தொகையை வருமானத்தில் கூட்டிவிட்டது. பிஎஃப் பக்கம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தனி, அபராதம் அதற்கு மேல் இன்னொரு நோட்டீஸில் வந்தது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. களத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா போனில் பாஸ்புக்கைக் காட்டி, "தம்பி, பிடிச்சீங்களே, இதுல ஏறலையே" என்று கேட்டார். வரி நோட்டீஸைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது சனிக்கிழமை கவர் கொடுத்து முடித்த கையோடு சிவப்பு எண்களைக் கூட்டி, எங்கள் பங்கு 13 சதவீதத்தையும் சேர்த்து வேறு பேங்க் அக்கவுண்டில் போட்டுவிடுகிறேன். சலானை 10-ஆம் தேதியே போட்டுவிடுகிறேன், கடைசி நாள் பிஎஃப் சைட் நகராது.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு பதில்

அண்ணா, எனக்கும் தேதி தவறியது, ஆனால் பணம் கையில் இருந்தும் தவறியது. தறிக்குப் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆதாரில் ஒருவருக்கு இனிஷியல் முன்னால், இன்னொருவருக்கு அப்பா பேர் முழுசாகப் பின்னால், பழைய கம்பெனி பிஎஃபில் இனிஷியலே இல்லை. ஆதார் இணையாத யுஏஎன் நம்பருக்கு, அதாவது ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் பிஎஃப் நம்பருக்கு, மாதாந்திரக் கணக்கு போடவே முடியாது. பேர் திருத்தம் முடிய இரண்டு மாதம் ஆனது. அதுவரை பிடித்த பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சேரும் அன்றைக்கே ஆதாரையும் பழைய யுஏஎன்-ஐயும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் பேர் எழுதுகிறேன். நம் ஊரில் இனிஷியல் இருக்கிற வரை இந்த வேலை தீராது.

புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து இன்னொரு பதில்

நாங்கள் மெஸ் நடத்துகிறோம், 13 பேர்தான், அதனால் பிஎஃப் இல்லை, ஆனால் 10 பேர் இருந்தாலே ஈஎஸ்ஐ உண்டு. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அவரிடம் 0.75, நாங்கள் 3.25 சதவீதம். போன வருடம் புதுப் பையன் ஒருவன் வேலைக்கு வந்த நான்காம் நாள் வடைச்சட்டி சரிந்து முன்கையெல்லாம் எண்ணெய். புது ஆளைப் பதிவு செய்யப் பத்து நாள் டைம் உண்டு, நல்லவேளையாக என் தங்கை அவன் வந்த அன்று மத்தியானமே ஆன்லைனில் பதிந்து வைத்திருந்தாள். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. வைத்தியமும் கிடைத்தது, வேலைக்கு வராத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் அவன் பேங்குக்கே வந்தது. அவன் அம்மா ஓமலூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார், பில் எவ்வளவு ஆகும் என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் இல்லைம்மா என்று சொன்னேன், நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.